வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டைப்பிங்: எதை முதலில், எதை அப்புறம்

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்து டைப்பிங் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோடை விடுமுறைக்கு ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீட்டிலும் அப்பத்தா வீட்டிலும் வந்து இறங்கும் பிள்ளைகள் சிலருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மற்ற வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். ஆர்வம் இல்லாமல் பிள்ளை நிறுத்தியது குறைவு, சொல்லிக்கொடுக்கும் வரிசை மாறிப்போய் நின்றுபோனதுதான் நிறைய. கீபோர்டின் நடு வரிசை கைக்குப் படியும் முன்னே வேகப் போட்டி வைப்பார்கள், இங்கிலீஷ் பாதியில் இருக்கும்போதே தமிழைத் தொடங்கிவிடுவார்கள், அப்புறம் "இவனுக்கு வரலை" என்பார்கள்.

எந்த விரலுக்கு எந்தக் கீ என்பது முதலில் கைக்குப் படிய வேண்டும். அது வரைக்கும் வேகம், விளையாட்டு, போட்டி எதுவும் வேண்டாம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த வரிசையில் இருக்கின்றன.

1. பிள்ளையின் கை தயாரா என்று பாருங்கள்

வயதைவிடக் கையின் அளவு முக்கியம். சாதாரண கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். பெரியவர் கைக்குச் செய்த அளவு அது. பிள்ளையின் இடது சுண்டுவிரலை ஏ மேல் வைத்து, ஆள்காட்டி விரலால் மேல் வரிசையில் உள்ள டி-யைத் தொடச் சொல்லுங்கள் (எஸ்-க்குப் பக்கத்து டி இல்லை, ஆர்-க்குப் பக்கத்தில் இருக்கும் டி). சுண்டுவிரல் ஏ-யை விட்டு லேசாகத் தூக்கினால் பரவாயில்லை. கை முழுக்க இழுத்துக்கொண்டு போனால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதும், தன் பெயரை அடிப்பதும் போதும். அவர்களைப் பத்து விரலால் அடிக்கச் சொன்னால் எட்டாத கீக்குக் கையைத் தூக்கிப் போட்டு அடிக்கப் பழகுவார்கள், அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பழையது போதும். அரசுப் பள்ளியில் மேல்நிலை படித்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த விலையில்லா மடிக்கணினி பெட்டகத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் தூசி தட்டி எடுங்கள், இந்த வேலைக்கு அது தாராளம்.

தனியாக ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கிவிடுங்கள், சாதாரணமானது 500 ரூபாய் சுற்றிக் கிடைக்கும். மடிக்கணினியில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாகத் தூக்கினால் தோள் ஏறும். கடையில் எடுக்கும்போது எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு விரலில் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். தேய்ந்துபோன பழைய கீபோர்டில் அது தெரியாது. அந்த மேடு தெரியாவிட்டால் பிள்ளை குனிந்து பார்க்காமல் கையை எடுத்து வைக்கவே முடியாது.

அப்புறம் ஒரு செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு கைத்துண்டு. துண்டு எதற்கு என்றால், சீப்புச் சீடையும் தேன்குழலும் கடித்துக்கொண்டே வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு. எண்ணெய் விரல் கீ மேல் வழுக்கும், மேட்டையும் உணராது.

3. எங்கே, எப்படி உட்கார வைப்பது

பெரிய வீடுகளில் இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார வைக்கிறவர்கள் வெளிச்சத்தைக் கவனிப்பதில்லை. முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் கண்ணில் அடிக்கும், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் வானம்தான் தெரியும். முற்றம் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் எதன் மேலாவது பதிய வேண்டும். பெரியவர் நாற்காலியில் பிள்ளைக்குக் கால் தொங்கும், தொங்கினால் உடம்பு முன்னால் சரியும், சரிந்தால் மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தும். அடியில் ஒரு மணைப் பலகையைப் போட்டு, உட்காரும் இடத்தில் ஒரு தலையணை வைத்தால் தீர்ந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் போகும், காலுக்கடியில் ஒரு மிதியடியை விரித்துவிடுங்கள்.

தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அடிப்பதில் தப்பில்லை, எதிரில் தட்டையான குட்டை மேசை இருந்தால். ஐயா காலத்துக் கணக்கெழுதும் சாய்வுப் பெட்டி அழகாகத்தான் இருக்கும், அதில் நோட்டு நிற்கும், கீபோர்டு நிற்காது, மடியில் வந்து விழும். ஊஞ்சலில் வைத்து அடிக்க விடவே விடாதீர்கள். ஆடுகிற இடத்தில் கண் கீபோர்டுக்குத்தான் போகும்.

4. கம்ப்யூட்டரில் முதலில் மாற்ற வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பிள்ளை தப்பாக அடிக்கிறது என்று திட்டு வாங்கும், கோளாறு மெஷினில் இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் கீயைத் தட்டாமல் அழுத்திப் பிடிப்பார்கள், திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குப் போய், கீபோர்டு என்பதைத் திறந்து, ரிப்பீட் டிலே என்பதை லாங் பக்கம் தள்ளுங்கள். ஷிப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி குதித்து வரும், பிள்ளை பயந்து எதையாவது அமுக்கும். அந்தக் குறுக்குவழியையும் அணைத்துவிடுங்கள்.

சில பழைய மடிக்கணினிகளில் நம்லாக் போட்டிருந்தால் ஜே அடித்தால் 1 வரும், கே அடித்தால் 2 வரும். உள்ளங்கை டச்பேடில் பட்டுக் கர்சர் வேறு வரிக்குத் தாவும். முன்னதையும் அணையுங்கள், பின்னதையும் அணையுங்கள். நோட்பேடில் எழுத்தை 24 அளவுக்குப் பெரிதாக்கி அதிலேயே பயிற்சி கொடுங்கள். தப்பைத் தானாகத் திருத்தும் மென்பொருள் வேண்டாம், பிள்ளைக்குத் தன் தப்பு கண்ணில் பட வேண்டும்.

5. முதல் பாடம்: விரலும் நடு வரிசையும்

கீபோர்டைத் தொடும் முன் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் என்று பெயர் சொல்லும்போது அந்த விரலை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். பெரியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். முயன்று பாருங்கள், மோதிர விரலை மட்டும் தூக்க நமக்கே வராது. விரலைத் தனித்தனியாக அசைக்கத் தெரியாத பிள்ளைக்குக் கீயைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை.

அப்புறம் கையை எஃப், ஜே மேடுகளில் ஆள்காட்டி விரலால் நிறுத்தி, மற்ற விரல்களைப் பக்கத்துக் கீகளில் இறக்குங்கள். இடது கைக்குச் சுண்டுவிரலிலிருந்து ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு ஆள்காட்டியிலிருந்து ஜே, கே, எல், அரைப்புள்ளி. கட்டைவிரல்கள் ஸ்பேஸ் பார் மேல். கையை எடுத்து மடியில் வைத்து, கண்ணை மூடி, மறுபடி மேட்டைத் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எடுப்பது, வைப்பது, எடுப்பது, வைப்பது. முதல் நாளுக்கு இது மட்டுமே போதும், ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டியதில்லை.

மறுநாள் எஃப்-பும் ஜே-யும், அதற்கடுத்து டி-யும் கே-யும் என்று ஆள்காட்டியிலிருந்து வெளிப்பக்கமாகப் போங்கள். வலுவான விரலில் தொடங்கினால் பிள்ளைக்குச் சீக்கிரம் நம்பிக்கை வரும். ஒவ்வொரு கீயையும் அடிக்கும்போது எழுத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் சொல்லும் எழுத்தும் விரல் போகும் இடமும் சேர்ந்தே மனதில் பதியும், அடிக்கும் தாளமும் ஒரே சீராக இருக்கும்.

அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். "எந்த வார்த்தையிலும் வராததை எதுக்கு அடிக்கணும்?" என்று பிள்ளை கேட்கும், பெரியவர்களும் சரிதானே என்று விட்டுவிடுவார்கள். வலது சுண்டுவிரலுக்கு இங்கிலீஷில் வேலையே குறைவு, அதைத் தவிர்த்தால் அந்த விரல் பழகாமலே கிடக்கும். தமிழுக்கு வரும்போது அதன் விலை தெரியும், அதை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

வீட்டில் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்த அத்தையோ சித்தியோ இருந்தால் அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் அடித்த "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அரைப்புள்ளி எல் கே ஜே ஹெச் ஜே" இன்றைக்கும் அவர் விரலில் இருக்கும். ஆனால் இரண்டு பழக்கங்களை மட்டும் அவர் விட வேண்டும். டைப்ரைட்டரில் ஓங்கி அடித்தால்தான் எழுத்து தாளில் விழும், கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு லேசான தட்டு போதும். ஓங்கி அடித்துப் பழகினால் பிள்ளையின் சுண்டுவிரல் வலிக்கும். இன்னொன்று, பக்கம் பக்கமாக ஒரே வரியை அடிக்க வைப்பது. வளர்ந்தவர்கள் பரீட்சைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தது அது, எட்டு வயதுப் பிள்ளை நாலாவது வரியில் எழுந்து ஓடிவிடும். ஒரு வரியை மூன்று முறை அடித்ததும் மாற்றிவிடுங்கள்.

எட்டுக் கீயும் படிந்ததும் அவற்றிலேயே அமையும் சொற்களைக் கொடுங்கள்: ஆஸ்க், ஆல், ஃபால், சாலட், ஃபிளாஸ்க். அர்த்தமுள்ள ஒரு சொல் திரையில் விழுந்ததும் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதற்கப்புறம் ஜி-யும் ஹெச்-சும்.

6. தினமும் எவ்வளவு நேரம்

பத்திலிருந்து பதினைந்து நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. விரலுக்குப் படியும் வேலை தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது, ஆகையால் ஒரே நாளில் நீட்டுவதைவிட ஏழு நாளில் பிரிப்பது மேல். காலைப் பலகாரம் முடிந்து, வெயில் ஏறும் முன் வைத்துக்கொண்டால் நல்லது.

சரியாக அடித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். களைத்த பிறகு அடிப்பதெல்லாம் தப்பான பழக்கமாகத்தான் ஒட்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க மின்சாரம் போகிற அன்றைக்கும் விட வேண்டாம், கீபோர்டை மட்டும் கழற்றி எடுத்து நீங்கள் சொல்லச் சொல்ல விரலை வைக்கச் சொல்லுங்கள். திரை இல்லாததால் அன்றைக்குப் பிள்ளையின் விரலை நீங்களே கவனித்துப் பார்ப்பீர்கள், பல தப்புகள் அப்போதுதான் கண்ணில் படும்.

7. கண்ணைக் கீபோர்டிலிருந்து பிரிப்பது

நடு வரிசை ஓரளவு படிந்ததும், அதற்கு முன்பு வேண்டாம், செருப்புப் பெட்டியை எடுங்கள். நீளமான இரண்டு பக்கங்களையும் வெட்டி எடுத்துவிட்டுக் கீபோர்டு மேல் கவிழ்த்தால் குகை மாதிரி நிற்கும், கை உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது. துண்டு போட்டு மூடுகிறவர்களும் உண்டு, ஆனால் துண்டு விரலில் உரசும், நழுவும், பிள்ளை அதைச் சரிசெய்வதிலேயே இருக்கும்.

முதல் நாளே மூடிவிட்டால் பிள்ளை மிரளும். ரொம்ப நாள் மூடாமல் விட்டால் பார்த்துப் பார்த்து அடிப்பது நிலைத்துவிடும். இதற்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. நீங்கள் ஒரு எழுத்தைச் சொன்னதும் சரியான விரல் அசைந்தால், கண் எங்கே இருந்தாலும் சரி, மூடலாம்.

மூடிய பிறகு தப்பு திடீரென்று கூடும். "நேத்து நல்லாத்தானே அடிச்சே" என்று கேட்காதீர்கள். நேற்று அடித்தது கண், இன்றைக்குத்தான் விரல் அடிக்கிறது.

8. மற்ற வரிசைகள், ஷிப்ட், பேக்ஸ்பேஸ்

மேல் வரிசைக்கு முதலில் நடுவிரல்களின் ஈ-யும் ஐ-யும். இவை இரண்டு வந்ததுமே எவ்வளவோ சொற்கள் அடிக்கக் கிடைக்கும். அடுத்து ஆர், யு. அப்புறம் எட்டிப்போக வேண்டிய டி, ஒய். பிறகு டபிள்யூ-வும் ஓ-வும். கடைசியாக க்யூ-வும் பி-யும். ஒரு நாளைக்கு இரண்டு கீக்கு மேல் போகாதீர்கள்.

இங்கே ஒரு விரல் மட்டும் மேலே போய்விட்டு, நடு வரிசையில் உள்ள தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். யு அடிக்கும்போது பிள்ளையின் வலது கை மொத்தமாக மேலே ஏறி, ஓ வரை நகர்ந்து, அங்கேயே தங்கிவிடுவதைக் கவனித்துப் பாருங்கள். அடுத்த சொல் முழுக்கத் தப்பாக விழுவது அதனால்தான். அரைப்புள்ளி மேல் இருக்கும் சுண்டுவிரலை அசையாமல் வைக்கச் சொன்னால் கை தானாக நிற்கும்.

கீழ் வரிசையில் வி, எம், என், பி, பிறகு சி, எக்ஸ், இசட். விரலை உள்ளே மடக்குவது மேலே நீட்டுவதைவிடச் சிரமம், ஆகவே மெதுவாகப் போங்கள். எண்கள் இப்போது வேண்டாம், ஐந்தாம் வகுப்பில் பார்க்கலாம்.

ஷிப்டுக்கு ஒரே விதி: வலது கை எழுத்துக்கு இடது ஷிப்ட், இடது கை எழுத்துக்கு வலது ஷிப்ட். ஒரே கையால் இரண்டையும் அமுக்கினால் கை கோணிக்கொண்டு இடம் மாறும். பெரிய எழுத்து ஒன்றுக்காகக் கேப்ஸ் லாக்கைப் போட்டு எடுக்கும் பழக்கம் பெரியவர்களிடமிருந்துதான் தொற்றுகிறது, முதலில் நீங்கள் விடுங்கள்.

பேக்ஸ்பேஸைத் தொடக்கத்தில் தடை செய்துவிடுவது என் வழக்கம். தப்பு விழுந்தால் விழட்டும், வரியை முடித்துவிட்டு எந்த விரல் தப்பியது என்று சேர்ந்து பாருங்கள். உடனுக்குடன் அழித்தால் எதில் தப்பு வருகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. மூன்று வரிசையும் முடிந்ததும் தடையை எடுத்துவிடலாம்.

9. தமிழ் எப்போது, எந்த முறையில்

இங்கிலீஷ் மூன்று வரிசையும் பெட்டிக்கடியில் தயங்காமல் வந்த பிறகு தமிழைத் தொடங்குங்கள். தமிழில்தான் தொடங்குவேன் என்றால் அதுவும் நல்லதே, அப்போது அதை முழுக்க முடித்துவிட்டு இங்கிலீஷுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் கலக்கக் கூடாது. ஒரே கீக்கு இரண்டு எழுத்து என்று விரல் குழம்பும்.

தங்கிலீஷில் அடித்தால் தமிழ் வருமே என்பார்கள். பெரியவர்களுக்கு அது சௌகரியம். பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு நான் தமிழ்99-தான் சொல்வேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொட்டு வந்து, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு அமைப்பு இது. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய்யில் பெரும்பாலானவை வலது கையில். க அடித்து உ அடித்தால் கு. வகுப்பில் உயிர்மெய் படிக்கும் பிள்ளைக்கு இதற்குத் தனிப் பாடமே வேண்டாம். 247 எழுத்துக்கும் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி, ஓர் ஆய்தம் போதும். கீயும் குறைவு: வணக்கம் அடிக்கத் தமிழ்99-இல் ஆறு தட்டு, தங்கிலீஷில் எட்டு.

புதிய விண்டோஸின் கீபோர்டுப் பட்டியலிலேயே தமிழ்99 இருக்கிறது, இ-கலப்பை என்ற இலவச மென்பொருளிலும் கிடைக்கும். போட்டதும் அ, ம, ம, ஆ என்று அடித்துப் பாருங்கள். "அம்மா" என்று புள்ளி தானாக விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அந்த மென்பொருளில் புள்ளிக்கு எஃப் கீயை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியிருக்கும். பிள்ளையின் முன்னால் திணறாமல் இருக்க இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நடு வரிசை இடமிருந்து வலமாக அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொன்றிலேயே பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் எத்தனை: அது, இது, எது, பத்து, பந்து, தம்பி, தும்பி, முகம், கத்தி, உப்பு, நெய், அப்பம், அகத்தி. "புத்தகம்" கூட நடு வரிசையை விட்டுக் கை நகராமல் வந்துவிடும். முதல் நாளே முழுச் சொல் அடிக்க முடிவதால் பிள்ளைகளுக்குத் தமிழ் சீக்கிரம் பிடித்துப்போகிறது.

சிக்கல் வலது சுண்டுவிரலில்தான். ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அந்த ஒரு விரலுக்கு. இங்கிலீஷில் அரைப்புள்ளியை விட்டுவிட்டு வந்த பிள்ளை இங்கே வந்து மாட்டிக்கொள்ளும், மோதிர விரலால் எட்டி எட்டி அடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு எழுத்தாக இறக்குங்கள். முதலில் ந-வும் ய-வும், அடுத்து ண, ச. ழ-வும் ஞ-வும் கடைசியில். பணியாரம், ஆச்சி, பழம், மஞ்சள் என்று சொல்லுக்கு ஒன்றாகச் சேர்த்தால் பாரம் தெரியாது.

இன்னொரு இடறல். புள்ளி தானாக விழும் மென்பொருளில் ந, த, இ என்று அடித்தால் "நதி" வராது, "ந்தி" வரும். ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் இடையில் புள்ளி இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ந அடித்து, அ அடித்து, பிறகு த, இ அடிக்க வேண்டும். பப்பாளிக்கும் தத்தைக்கும் முதல் எழுத்துக்கு அப்புறம் இதே மாதிரி ஒரு அ. பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் தானே கண்டுபிடிக்கும், இல்லையென்றால் கீபோர்டு கெட்டுப்போச்சு என்று வந்து நிற்கும்.

கீ மேல் ஒட்டுகிற தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்காதீர்கள். கீயில் தமிழ் இல்லாதது நமக்கு வசதி, பார்த்து அடிக்க வழியே கிடையாது. வரிசைகளை ஒரு தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், கண் கீழே போகாமல் மேலேயே இருக்கும்.

10. என்ன அடிக்கக் கொடுப்பது

பாடப்புத்தகத்தை அடிக்கச் சொன்னால் தண்டனையாகத் தெரியும். சுற்றியிருப்பதைக் கொடுங்கள். காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று ஊர்ப்பெயர்கள். அப்பத்தா, ஆயா, ஐயா, சித்தி என்று வீட்டார். பிறகு வாக்கியங்கள்: இன்றைக்கு என்ன பலகாரம், யார் வந்தார்கள்.

கொஞ்சம் தேறியதும் ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்து வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்குவம் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளை அடிக்கட்டும். காதில் கேட்டு அடிக்கும்போது கண்ணுக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை, திரையிலேயே நிற்கும். ஆயா வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார், "ஆயா, இருங்க இருங்க" என்று பிள்ளை கத்தும், அதுவும் வேண்டியதுதான்.

டக்ஸ் டைப்பிங், ஜிகாம்ப்ரி போல இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் நல்லவையே. மூன்று வரிசையும் முடிந்த பிறகு கொடுங்கள். எழுத்து மேலிருந்து விழுந்துகொண்டிருக்கும்போது விரல் தெரியாத பிள்ளை பதறி, குனிந்து, ஒற்றை விரலால் குத்தும். அந்த ஒரு மணி நேர விளையாட்டு ஒரு வாரப் பாடத்தை அழித்துவிடும்.

11. வேகம் அளப்பது

நூறு தட்டில் தொண்ணூற்றைந்தாவது சரியாக விழும் வரை கடிகாரத்தை எடுக்க வேண்டாம். அதற்கப்புறம் வாரம் ஒரு முறை, ஒரு நிமிடம். ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டுகளை எண்ணி ஐந்தால் வகுத்தால் வார்த்தைக் கணக்கு. 90 தட்டு என்றால் 18 வார்த்தை. தமிழுக்கு எழுத்தை எண்ணக் கூடாது, தட்டைத்தான் எண்ண வேண்டும். காரைக்குடி தாளில் ஐந்து எழுத்து, தமிழ்99-இல் ஒன்பது தட்டு.

வகுப்பை ஐந்தால் பெருக்கினால் கிடைப்பது போதுமான வேகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக்கு 15, ஐந்தாம் வகுப்புக்கு 25. என்னைக் கேட்டால், கையால் எழுதும் வேகத்தைத் தாண்டினால் போதும். இங்கிலீஷ் லோயருக்கு 30, ஹையருக்கு 45 என்ற கணக்கெல்லாம் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு, அதை வைத்து எட்டு வயதுப் பிள்ளையை அளக்காதீர்கள்.

அளந்ததை நோட்டில் பிள்ளையே எழுதட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் கற்றுக்கொண்டால் தனித்தனி நோட்டு. ஒருவன் எண்ணை மற்றவன் பார்த்துவிட்டால் அன்றிலிருந்து இருவருமே குனிந்து குத்தத் தொடங்குவார்கள்.

12. பள்ளி திறந்த பிறகு

விடுமுறை முடிந்து ஊர் திரும்பியதும் தினப் பயிற்சி நடக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் பத்து நிமிடம் கிடைத்தால் படிந்தது போகாது. செருப்புப் பெட்டியைக் கூடவே கொடுத்து அனுப்புங்கள். ஒரு மாதம் முழுக்க விட்டுப்போயிருந்தால் புதுப் பாடத்துக்குப் போகாமல் நடு வரிசையில் இரண்டு நாள் அடித்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். ஆயாவுக்கு வாரம் ஒரு கடிதம் அடித்து அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெற்றோர் நினைவுபடுத்த வேண்டியதில்லை, கடிதம் வரவில்லை என்று ஆயாவே போன் போட்டுக் கேட்டுவிடுவார்.